மாகாண சட்டமன்றத் தேர்தல்: வேட்பாளர் பிரசாரம் பற்றி உங்கள் கேள்விகள், என் பதில்கள்

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நாட்டல் மாகாண சட்டமன்றத்துக்கு ஒருவர் எப்படிப் போட்டியிடுகிறார், பிரசாரம் எப்படி நடக்கிறது என்று டர்பன் பக்கத்துத் தமிழ் அன்பர்கள் கேட்டிருந்தார்கள். 1994 முதல் தேர்தல்களில் வீடு வீடாகப் போகும் தொண்டனாகவும் வாக்குச்சாவடி முகவராகவும் இருந்து வருகிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு அக்கா): எங்கள் தெருப் பெண் ஒருத்தி சட்டமன்றத்துக்கு நிற்கிறாள். சுவரொட்டியில் அவள் படம் இருக்கிறது. ஓட்டுச் சீட்டில் அவள் பெயர் இருக்குமா?

பதில்: இருக்காது அக்கா. கட்சியின் பெயர்தான் இருக்கும். இந்தியாவில் சொந்தக்காரர்கள் பேசுகிற மாதிரி இங்கே தொகுதி, தொகுதி எம்.எல்.ஏ. எல்லாம் கிடையாது. மாகாணம் முழுவதற்கும் சேர்த்து 80 இடங்கள். ஒவ்வொரு கட்சியும் முன்கூட்டியே ஒரு பட்டியல் கொடுக்கும். வாங்கிய வாக்குக்கு ஏற்றபடி அந்தப் பட்டியலின் மேலிருந்து ஆட்கள் உள்ளே போவார்கள்.

அதனால் அந்தப் பெண்ணிடம் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "பட்டியலில் நீ எத்தனையாவது ஆள்?" 2024-இல் டி.ஏ. (டெமாக்ரடிக் அலையன்ஸ்) கட்சிக்கு இங்கே 11 இடங்கள் கிடைத்தன. அதில் 9-ஆவதாக இருந்தவருக்கு உழைத்தால் பலன் உண்டு. 30-ஆவதாக இருந்தவர் வீடு வீடாக நடந்து சேர்த்த ஓட்டெல்லாம் மேலே இருந்தவரைத்தான் உள்ளே அனுப்பியது. சுவரொட்டியில் படம் போடுவதால் மட்டும் யாரும் சட்டமன்றம் போய்விட முடியாது. நம் ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டம் சேர்க்க முன்னால் நிறுத்திவிட்டு, பட்டியலில் கீழே தள்ளுகிற வழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. பட்டியலைத் தேர்தல் ஆணையம் வெளியிடும். வாங்கிப் பாருங்கள்.

கேள்வி (பீனிக்ஸ்): அண்ணா, சின்னக் கட்சிக்குப் போடும் ஓட்டு வீண்தானே?

பதில்: கணக்கைப் பாருங்கள் தம்பி. 2024-இல் மாகாணத்தில் செல்லுபடியான வாக்கு ஏறக்குறைய 35 லட்சம். 80 இடத்தோடு ஒன்று கூட்டி, 81-ஆல் வகுத்தால் ஓர் இடத்துக்குச் சுமார் 43,000 வாக்கு. அவ்வளவுகூட எட்டாத என்.எஃப்.பி. (நேஷனல் ஃப்ரீடம் பார்ட்டி) கட்சி, மீதி இடங்களை மிச்ச வாக்கு அதிகமுள்ள கட்சிகளுக்குக் கொடுக்கும் கணக்கில் ஓர் இடம் பிடித்தது. கட்சிவாரியாக இடங்கள்: எம்.கே. (உம்கோண்டோ வெசிஸ்வே) 37, ஐ.எஃப்.பி. (இன்காதா ஃப்ரீடம் பார்ட்டி) 15, ஏ.என்.சி. (ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ்) 14, டி.ஏ. 11, ஈ.எஃப்.எஃப். (எகனாமிக் ஃப்ரீடம் ஃபைட்டர்ஸ்) 2, என்.எஃப்.பி. 1. ஐ.எஃப்.பி., ஏ.என்.சி., டி.ஏ. மூன்றும் சேர்ந்தால் 40. ஆட்சிக்கு 41 வேண்டும். என்.எஃப்.பி.யின் அந்த ஒரே ஒரு சீட்டோடுதான் ஐ.எஃப்.பி.யின் தாமி நிட்டுலி பிரீமியர் (மாகாண முதல்வர்) ஆனார். 37 இடம் பிடித்த எம்.கே. எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்தது.

அமிச்சந்த் ராஜ்பன்சி தொடங்கிய மைனாரிட்டி ஃப்ரண்ட் கட்சிக்கும் 2019 தேர்தலில் ஓர் இடம் கிடைத்தது. ஆனால் அப்போது ஏ.என்.சி.க்கு 44, தனிப் பெரும்பான்மை. ஆகவே அந்த ஒரு சீட்டுக்கு 2024-இல் இருந்த மதிப்பு அன்று இல்லை. 2024-இல் அந்தக் கட்சிக்கு இடமே கிடைக்கவில்லை. வீணா இல்லையா என்பது மற்ற கட்சிகள் எங்கே நிற்கின்றன என்பதைப் பொறுத்தது.

கேள்வி (டோங்காட்): எங்கள் கோவில் கமிட்டிப் பெரியவர் சுயேச்சையாக நிற்கலாமா?

பதில்: நிற்கலாம். 2020-இல் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு சட்டம் திருத்தப்பட்டு, 2024-இல்தான் முதல் முறையாக மாகாணத்துக்குச் சுயேச்சைகள் நின்றார்கள். ஆதரவாளர் கையெழுத்து 1,000 போதும் என்று 2023 டிசம்பரில் நீதிமன்றமே குறைத்தது. ஆனால் சுயேச்சைக்கு ஓர் இடம்தான். இரண்டு இடத்துக்கான வாக்கு வந்தாலும் மிச்சம் வேறு யாருக்கும் போகாது. மாகாணம் முழுக்கச் சுற்றி வாக்குச் சேர்க்க அந்தப் பெரியவரால் முடியுமா என்று யோசியுங்கள்.

கேள்வி (வெருலம்): வேட்பாளர் வந்து தண்ணீர், ரோட்டுக் குழி, போலீஸ், ஆஸ்பத்திரி எல்லாம் சரி செய்வேன் என்கிறார். நம்பலாமா?

பதில்: அந்த நான்கில் ஒன்றுதான் முழுக்க அவர் போகப்போகும் சபையின் வேலை: ஆஸ்பத்திரி. தண்ணீர், குப்பை, தெருவோரக் குழி நகராட்சி. போலீஸ் மத்திய அரசு. மாகாணத்தின் கையில் இருப்பவை பள்ளிகள், மருத்துவமனைகள், ஆம்புலன்ஸ், மாகாணச் சாலைகள், மதுக்கடை உரிமம் போன்றவை.

சாட்ஸ்வொர்த்தின் ஆர்.கே. கான் ஆஸ்பத்திரி மாகாணத்துடையது. பீனிக்ஸில் மகாத்மா காந்தி ஆஸ்பத்திரியும் அப்படித்தான். வேட்பாளர் வீட்டு வாசலுக்கு வந்தால் குழியைப் பற்றிக் கேட்டு நேரத்தைக் கழிக்க வேண்டாம். மருந்து வாங்க விடிகாலையிலேயே வரிசையில் நிற்கும் சர்க்கரை நோயாளிகளுக்கு மாகாண பட்ஜெட்டில் என்ன கேட்பீர்கள், எந்தக் குழுவில் உட்கார விரும்புகிறீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரா என்று இரண்டே நிமிடத்தில் புரிந்துவிடும்.

கேள்வி (ஐசிபிங்கோ): தொண்டராக உதவ ஆசை. என்ன செய்ய வேண்டும்? மேடையில் பேச வராது.

பதில்: மேடையை விடுங்கள். பிரசாரத்தில் முக்கால்வாசி வேலை வாக்காளர் பட்டியல்தான். ஒரு தெருவை எடுத்துக்கொண்டு யார் பதிவு செய்திருக்கிறார், யார் வீடு மாறினார், யாருக்கு நடக்க முடியாது என்று குறிக்க வேண்டும். 32810 எண்ணுக்கு அடையாள எண்ணை எஸ்.எம்.எஸ். அனுப்பினால் எந்தச் சாவடி என்று வந்துவிடும். வீட்டு வாசலில் நின்றே அதைச் செய்து காட்டுங்கள். துண்டுப் பிரசுரம் கொடுப்பதைவிட இது பெரிய உதவி. 2024 முதல், பதிவு செய்த சாவடியில்தான் வாக்கு. வேறு இடத்தில் போட வேண்டுமென்றால் முன்பே ஆணையத்துக்குச் சொல்லியிருக்க வேண்டும். இது தெரியாமல் வெயிலில் நின்று திரும்பிப் போனவர்களைப் பார்த்து எனக்கு மனசு கேட்கவில்லை.

படுக்கையில் இருக்கும் ஆயா, தாத்தாவுக்கு வீட்டிலேயே சிறப்பு வாக்கு உண்டு. முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். அதிகாரிகள் வீட்டுக்கு வருவார்கள். வாக்குச்சீட்டை முதலில் பெயர் எழுதாத உறையில் போட்டு, அதைப் பெயரும் அடையாள எண்ணும் எழுதிய இன்னொரு உறையில் வைப்பார்கள். ஆயா, தாத்தா சீட்டைக் குறிக்கும்போது பேரப்பிள்ளைகள் தலையை நீட்டிப் பார்க்கக் கூடாது என்று வீட்டில் முன்பே சொல்லி வையுங்கள்.

வாக்குப்பதிவு நாளில் சாவடி எல்லைக்கு வெளியே மேசை போட்டு உட்காரலாம். உள்ளே கட்சிப் பிரசாரம் கூடாது. இரவு 9 மணிக்கு வரிசையில் நிற்பவர் எல்லோருக்கும் வாக்களிக்க உரிமை உண்டு. 2024-இல் வரிசை நீண்டபோது இதைச் சொல்லித்தான் பலரை வீட்டுக்குப் போகாமல் நிறுத்தினோம்.

கேள்வி (மவுண்ட் எட்ஜ்கோம்ப்): எங்கள் மாரியம்மன் கோவிலில் புனித வெள்ளியன்று நடக்கும் திருவிழாவில் வேட்பாளர்கள் வந்து நிற்கிறார்கள். மளிகைப் பையும் கொடுக்கிறார்கள். சரியா?

பதில்: அம்மனைக் கும்பிட வரட்டும், வரிசையில் நின்று பிரசாதம் வாங்கட்டும். மைக் மட்டும் கொடுக்காதீர்கள். கோவிலுக்கு எல்லாக் கட்சிக்காரர்களும் வருகிறார்கள். ஒருவருக்கு மேடை கொடுத்தால் அடுத்த வருஷம் கமிட்டிக்குள்ளேயே இரண்டு அணி.

ஓட்டுக்காகப் பொருள் கொடுப்பது தேர்தல் சட்டப்படி குற்றம். மளிகைப் பையில் கட்சிச் சின்னம் இருந்தால் படம் எடுத்து ஆணையத்தில் புகார் கொடுங்கள். ஏழைக் குடும்பத்திடம் எண்ணெயும் பருப்பும் நீட்டி ஓட்டு கேட்பவரை நான் மன்னிக்க மாட்டேன்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): அரசுப் பள்ளி ஆசிரியை நான். வேட்பாளராகலாமா?

பதில்: ஆகலாம் அம்மா. உறுப்பினரான பிறகுதான் அரசுச் சம்பள வேலையில் இருக்க முடியாது.

கேள்வி (மீண்டும் சாட்ஸ்வொர்த்): பள்ளியில் தமிழ் வகுப்பு பற்றி வேட்பாளரிடம் கேட்டால் இனவாதம் என்பார்களா?

பதில்: ஏன் சொல்ல வேண்டும்? அரசியல் சாசனத்தின் 6-ஆவது பிரிவு, மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் தமிழையும் தெலுங்கு, இந்தி, குஜராத்தி, உருதுவையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பள்ளிக்கல்வியை நடத்துவது மாகாணம். எனவே கேட்க வேண்டிய இடம் இதுதான். ஐந்து மொழிக்காரர்களும் சேர்ந்து, ஜூலு பிள்ளைகளும் விரும்பினால் படிக்கலாம் என்று சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி (டோங்காட், ஒரு தாத்தா): பேரனுக்கு 16 வயது. இப்போதே ஏதாவது செய்யலாமா?

பதில்: 16 வயதிலேயே பதிவு செய்துகொள்ளலாம் ஐயா, வாக்கு 18-இல். தேர்தல் தேதி அரசிதழில் வந்ததும் பட்டியல் மூடிவிடும். மே 29 தேர்தலுக்கு 2024 பிப்ரவரி 23-ஆம் தேதியே மூடிவிட்டார்கள். அவனுக்கு அடையாள அட்டை வந்த வாரமே கூட்டிப் போய்ப் பதிவு செய்துவிடுங்கள்.