விண்வெளியில் புரதப் படிகம் வளர்ப்பதால் உண்மையிலேயே பயன் உண்டா, வெறும் விளம்பரமா?

கேட்டவர் செய்தியில் படித்துவிட்டுக் கேட்கிறார் என்று நினைக்கிறேன். படிகத் தட்டின் முன்னால் உட்கார்ந்தவர் இப்படிக் கேட்க மாட்டார். நான் இரண்டரை வருஷம் உட்கார்ந்தேன்.

ஒரே ஒரு நொதி, அதுவும் ஒரு புரதம்தான். கண்ணாடி வில்லையில் இரண்டு மைக்ரோலிட்டர் துளியை வைத்து, விளிம்பில் கிரீஸ் தடவிய குழியின் மேல் கவிழ்த்து மூடுவேன். துளியின் நீர் மெல்ல ஆவியாகிக் கீழேயுள்ள கரைசலுக்குப் போகப் போக, புரதம் செறிந்து படிகமாக வேண்டும். 400 கரைசல்களுக்கு மேல் மாற்றிப் பார்த்தேன். பெரும்பாலும் பழுப்புக் கசடுதான். ஒருநாள் கூரான விளிம்புகளோடு அழகாக ஒன்று. ஊசியால் தொட்டேன், நறுக்கென்று உடைந்தது. உப்பு! புரதப் படிகத்தில் ஏறக்குறைய பாதி தண்ணீர். தொட்டால் குழைந்து நொறுங்கும். கடைசியில் நிஜப் படிகம் வந்தது, ஆனால் ஒன்றோடொன்று ஒட்டிய கொத்தாக. எக்ஸ் கதிரில் வைத்தால், புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடிக்க உதவும் புள்ளிகள் எல்லாம் இழுபட்டுத் தெரிந்தன.

விண்வெளி உதவுவது இந்த இடத்தில்தான். வளரும் படிகம் பக்கத்திலுள்ள புரதத்தை எடுத்துக்கொள்வதால் அங்கே கரைசல் லேசாகி மேலெழும். அந்த ஓட்டம் வளர்ச்சியைக் குலைக்கும். படிகமும் அடியில் போய் மற்றவற்றோடு ஒட்டிக்கொள்ளும். எடையற்ற நிலையிலுள்ள சுற்றுப்பாதையில் இரண்டுமே பெருமளவு அடங்கிவிடும்.

எல்லாப் புரதத்துக்கும் பலிக்கும் என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வர வேண்டாம். 1983-இல் ஸ்பேஸ்லேப்-1 என்ற விண்வெளி ஆய்வகம் போன காலத்திலிருந்தே மிகைப்பேச்சும் கூடவே வருகிறது. தரையில் வளர்ந்ததைவிட மேம்படாத படிகங்களும் நிறைய. ஆனால் மெர்க் நிறுவனம் 2017-இல் பெம்ப்ரோலிசுமாப் என்ற புரதவகைப் புற்றுநோய் மருந்தை விண்வெளி நிலையத்துக்கு அனுப்பியதைப் பாருங்கள். தரையில் சிறிதும் பெரிதுமாகக் கலந்து வந்த நுண்படிகங்கள், அங்கே சுமார் 39 மைக்ரானில் ஒரே சீராக வந்தன. அப்படிச் சீரான கலவை குழகுழப்புக் குறைந்து ஊசியில் சுலபமாக இறங்கும். மருத்துவமனையில் உட்கார்ந்து நரம்பு வழியாக மருந்து ஏற்றிக்கொள்பவருக்கு இது சின்ன விஷயமா?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு நிரலான ஆல்ஃபாஃபோல்ட் வந்த பிறகு, 'இனி படிகம் எதற்கு' என்கிறார்கள். அந்த நிரல் பாடம் படித்ததே புரதத் தரவு வங்கியில் இருந்த கட்டமைப்புகளை வைத்து. அவற்றில் பெரும்பகுதி படிகம் வளர்த்தவர்கள் கொடுத்தது. என் கொத்திலிருந்து பிரித்தெடுத்த ஒரு துண்டை வைத்து எங்கள் ஆய்வகம் கண்டுபிடித்த கட்டமைப்பும் அங்கே இருக்கிறது. கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் என் பெயர் இல்லை. கடைசிப் பக்க நன்றியுரையில், 'தொழில்நுட்ப உதவி' என்று இரண்டு சொல்லோடு இருக்கிறது.