நோட்டீஸின் பின்பக்கம்

அன்புள்ள அக்கா,

எங்கள் ஊரில் குரூப் 4 தேர்வுக்குப் பயிற்சி மையம் தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. 11 பேர்தான் சேர்ந்திருக்கிறார்கள். வருகிறவர்களின் பிரச்சினையைத் தொட்டுப் பேசினால்தான் விளம்பரம் எடுபடும் என்று ஒரு மார்க்கெட்டிங் வகுப்பில் சொன்னார்கள். அதனால் ‘இன்னும் எத்தனை நாள் அப்பா காசில் சாப்பிடுவாய்?’ என்று கொட்டை எழுத்தில் நோட்டீஸ் அடித்தேன். கீழே ‘இன்னும் 5 இடங்கள் மட்டுமே’ என்றும் போட்டேன். பலன் இல்லை. இனி நோட்டீஸா, இன்ஸ்டாகிராமா? எதில் பணம் போடலாம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

எதில் வேண்டுமானாலும் போடுங்கள், அது பெரிய விஷயம் இல்லை.

என் தங்கை மகள் மூன்றாவது முறையாகக் குரூப் 4-க்குப் படிக்கிறாள். போன வாரம் அவள் புத்தகத்துக்குள் இதே மாதிரி ஒரு நோட்டீஸைப் பார்த்தேன். அப்பா கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று மடித்து ஒளித்து வைத்திருந்தாள். அதிலிருந்து இதே நினைப்புதான் எனக்கு. வேலை கிடைக்காத பிள்ளைக்கு அப்பா காசில் சாப்பிடுவது தெரியாதா? தட்டின் முன்னால் உட்காரும் ஒவ்வொரு வேளையும் தெரியும். அதை அச்சடித்து பஸ் ஸ்டாண்டில் வைத்து அவர்கள் கையில் கொடுக்க வேண்டுமா? தம்பி, நீங்கள் தொட்டது அவர்களுடைய புண்ணை. பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது.

15 வருடத்துக்கு முன் தென்காசிப் பக்கம் ஒரு பயிற்சி மையத்தில் நான் வேலை பார்த்தேன். போன் எடுப்பது, ஃபீஸ் ரசீது போடுவது எல்லாம் நான்தான். ஒரு நாள் மத்தியானம் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். கையில் எங்கள் நோட்டீஸ், நாலாக மடித்தது. முன்பக்கத்தில் கனவு, லட்சியம் என்று என்னென்னவோ போட்டிருந்தோம். அவள் காட்டியது பின்பக்கத்தை. அங்கே பேனாவால் அவள் ஊர் பஸ் நேரத்தைக் குறித்து வைத்திருந்தாள். 5.00, அதை விட்டால் 7.20. ‘கிளாஸ் எத்தனை மணிக்குக்கா முடியும்?’ 5 மணி என்றேன். ‘கால் மணி முன்னாடி விடுவாங்களா?’

உள்ளே போய்க் கேட்டேன். ஒருத்திக்காக நேரத்தை மாற்ற முடியாது என்றார்கள். அவள் ஒன்றும் பேசவில்லை. தாளை மறுபடி நாலாக மடித்துக்கொண்டு படியிறங்கினாள். அந்தத் தடத்தில் இன்னும் எத்தனை பெண்கள் இதே கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு வராமலே இருந்திருப்பார்கள்! அன்று எனக்கு அது உறைக்கவில்லை.

உங்களிடம் இருக்கும் 11 பேரிடம் கேளுங்கள், சேருவதற்கு முன் எதற்குத் தயங்கினார்கள் என்று. பத்தாவது முடித்துப் பல வருடம் ஆனவருக்குக் கணக்கு என்றாலே வயிறு கலங்கும். 200 கேள்வியில் கணக்கும் திறனறிவும் சேர்த்தே 25தான், தமிழ் மட்டும் 100 என்று அவருக்கு யாராவது சொன்னார்களா? தமிழில் 150 மதிப்பெண்ணுக்கு 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியைக் கணக்கிலேயே எடுக்க மாட்டார்கள் என்று? இதைப் போடுங்கள். ஃபீஸைத் தவணையில் கட்டலாமா, பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பத் தருவீர்கள், அதையும் தொகையோடு போடுங்கள்.

அப்புறம் அந்த ‘5 இடங்கள் மட்டுமே’. பொய்தானே? இப்படிப் பொய்யாக அவசரப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் பயிற்சி மைய விளம்பரங்களுக்கென்று வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. வேலை உறுதி என்று போடுவதும், தேர்வானவர் எழுத்தில் சம்மதம் தராமல் அவர் படத்தைப் போடுவதும் கூடாது. ஒருமுறை படித்துவிடுங்கள். அது இல்லாவிட்டாலும் சேர வருகிறவர் வாசலில் நின்றே காலி பெஞ்சுகளைப் பார்த்துவிடுவார். பிறகு நீங்கள் சொல்கிற உண்மையையும் நம்ப மாட்டார்.

கடுமையாக எழுதிவிட்டேன். மூன்று மாதமாக வாடகை கட்டிக்கொண்டு 11 பேருக்கு வகுப்பு எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் கடிதம் முழுக்கத் தேடியும் ஒரு தகவல் கிடைக்கவில்லை. வகுப்பு எத்தனை மணிக்கு விடுகிறீர்கள்? உங்கள் ஊரிலிருந்து கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு?