வாட்டர் வாஷுக்குப் போன கார், வட்டக் கோடுகளோடு வந்தது

கேள்வி: எங்களுடையது கறுப்பு நிற செடான் கார், வாங்கி நான்கு வருடம் ஆகிறது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள், கோவையில் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள ஒரு கார் வாஷ் கடையில் விட்டேன். ஃபோம் வாஷ், உள்ளே வாக்குவம், மேலே மெஷின் பாலிஷ் எல்லாம் சேர்த்து 2,200 ரூபாய். போனிலேயே பணம் அனுப்பினேன். பில் தரவில்லை. கூட்டம் அதிகம் என்பதால் இருட்டிய பிறகுதான் வண்டி கைக்கு வந்தது. டியூப்லைட் வெளிச்சத்தில் பளபளவென்று இருந்தது.

மறுநாள் காலை சந்தனம் வைக்கப் போன என் மனைவிதான் முதலில் பார்த்தார். பானெட்டிலும் ரூஃபிலும் வெயில் படுகிற இடமெல்லாம் வளைவு வளைவாகக் கோடு. டிரைவர் பக்கக் கதவின் விளிம்பில், ஒரு ரூபாய் நாணய அளவுக்கு நிறம் வெளுத்திருக்கிறது. முன் பம்பரில் உள்ளங்கை அகலத்துக்கு பெயின்ட் உரிந்து போயிருக்கிறது (அந்தப் பம்பர் இரண்டு வருடம் முன்பு இடிபட்டு, வெளியே ஒரு பட்டறையில் பெயின்ட் அடித்தது).

கடைக்காரர், "கோடெல்லாம் முன்னாடியே இருந்ததுங்க, அழுக்குல தெரியல. உங்க அபார்ட்மென்ட்ல தினமும் துணியில துடைக்கிறாங்கள்ல, அதுல வந்தது" என்கிறார். 'வாகன சேதத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று சுவரில் இருக்கும் போர்டையும் காட்டுகிறார். வேண்டுமானால் இன்னொரு முறை இலவசமாக பாலிஷ் போட்டுத் தருகிறாராம். ஒத்துக்கொள்ளலாமா? இன்ஷூரன்ஸில் கேட்கலாமா? நுகர்வோர் நீதிமன்றம் போகிற அளவுக்கு இது பெரிய விஷயமா?

பதில்: அந்த இலவச பாலிஷை மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். மற்றதெல்லாம் பேசித் தீர்க்கலாம்.

ஏன் என்று சொல்கிறேன். காரின் நிறத்துக்கு மேலே க்ளியர் கோட் என்று நிறமே இல்லாத ஒரு படலம் இருக்கிறது. பளபளப்பு அதனுடையதுதான். கம்பெனியிலிருந்து வரும் காரில் தகட்டின் மேல் இருக்கும் பெயின்ட் மொத்தமும் சேர்ந்தே ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான்தான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்). அதில் க்ளியர் கோட் சுமார் 40, 50 மைக்ரான் இருக்கும். நம் தலைமுடி ஒன்றின் தடிமனைவிடக் குறைவு. பாலிஷ் போட்டால் கோடு 'நிரம்பி' மறைகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கோட்டின் அடி மட்டம் வரைக்கும் சுற்றியுள்ள படலத்தைச் சீவி எடுத்தால்தான் கோடு போகும். ஒவ்வொரு பாலிஷும் அந்த 40 மைக்ரானில் கைவைக்கிறது, எடுத்ததைத் திரும்பப் போடவும் முடியாது. ஒருமுறை அவசரத்தில் தேய்த்த அதே கை, அதே மெஷினோடு இரண்டாம் முறையும் ஏறினால், வெளுத்தது கதவோடு நிற்காது. அதோடு, நாளைக்கு நீங்கள் புகார் கொடுக்கும்போது காட்டவேண்டிய தடயமும் அந்த 'இலவச'த்தில் அழிந்துவிடும்.

டியூப்லைட்டில் தெரியாதது வெயிலில் தெரிந்ததிலும் மர்மமில்லை. மலிவான பாலிஷ்களில் எண்ணெயும் மெழுகும் கலந்திருக்கும். அவை கோட்டுக்குள் புகுந்து கொஞ்ச நாள் மறைத்துவைக்கும். மேலும் வளைவுக் கோடுகள் கண்ணில் பட, வெயிலோ டார்ச் லைட்டோ மாதிரி ஒரே புள்ளியிலிருந்து வரும் வெளிச்சம் வேண்டும். கறுப்பு வண்டியை இருட்டிய பிறகு டெலிவரி எடுக்கவே கூடாது என்பது என் கட்சி.

இப்போது சேதத்தைப் பிரித்துப் பார்ப்போம். நீங்கள் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறீர்கள். கடைக்காரர் அதில் பலவீனமான ஒன்றை உருவி, மொத்த மூட்டையையும் அவிழ்த்துவிடுவார்.

பம்பர் விஷயத்தில் உங்கள் பக்கம் வலுவில்லை. பம்பர் பிளாஸ்டிக். அதில் மறுபடி பெயின்ட் அடிக்கும்போது சரியாகத் தேய்த்து, பிளாஸ்டிக்குக்கென்று இருக்கும் பிரைமரை (அடிப்பூச்சை) போடாவிட்டால் பெயின்ட் பிடிக்காது, சும்மா ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். ஒரு சின்னக் கல் பட்ட இடத்தில் பிரஷர் தண்ணீர் புகுந்தால் தாள் மாதிரி உரிந்து வரும். கம்பெனி பெயின்ட் சாதாரண வாட்டர் வாஷுக்கு அப்படி உரியாது. கடைக்காரர் நாசிலை மிக நெருக்கமாகப் பிடித்திருக்கலாம்தான். ஆனாலும் இதில் பெரும் பங்கு பழைய பட்டறைக்காரருடையது. பம்பருக்கு முழுப் பணம் கேட்காதீர்கள்.

வளைவுக் கோடுகளில்தான் வழக்கே இருக்கிறது. துணியில் வந்ததா, மெஷினில் வந்ததா? தினமும் ஒரே வாளித் தண்ணீரில் பத்து கார் துடைக்கும் துணியால் வரும் கீறல், மெல்லிய சிலந்தி வலை மாதிரி இருக்கும். ஒரு விளக்கைப் பிடித்தால் அதைச் சுற்றி வட்டமாகத் தெரியும், காரின் எல்லாப் பக்கத்திலும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்கும். சுழலும் மெஷினால் வருவது வேறு மாதிரி. தேய்த்த கை போன வழியிலேயே, பட்டை பட்டையாக, வில் வளைவாகப் புகை படிந்ததுபோல் தெரியும். நீங்கள் நகர்ந்தால் அதுவும் கூடவே நகர்வதுபோலத் தோன்றும். நீங்கள் எழுதியிருக்கும் 'வளைவு வளைவாக' என்பது இரண்டாவது ரகம் போலத்தான் படுகிறது. ஆனால் முதல் ரகமும் உங்கள் வண்டியில் கட்டாயம் இருக்கும். அபார்ட்மென்ட்டில் துடைக்கப்படும் எந்தக் கறுப்புக் காரும் அதிலிருந்து தப்புவதில்லை. கடைக்காரர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது என்பதை ஒத்துக்கொண்டே பேசுங்கள். மெஷின் தடம் அவருடையதுதான்.

கதவு விளிம்பில் வெளுத்த இடம்தான் உங்கள் துருப்புச் சீட்டு. விளிம்பிலும் மடிப்பிலும் பெயின்ட் இயல்பாகவே மெலிசு. மெஷின் அங்கே ஒரு நொடி கூடுதலாக நின்றாலும் சூடேறி க்ளியர் கோட் தேய்ந்து போய்விடும். அனுபவமுள்ளவர்கள் அந்த இடங்களில் டேப் ஒட்டிவிட்டுத்தான் மெஷினையே எடுப்பார்கள். துணி துடைத்து இப்படி ஆகாது.

இதை நிரூபிக்க ஒரு சின்னக் கருவி உண்டு. பெயின்ட் தடிமனை அளக்கும் கேஜ், பழைய கார் வாங்கும்போது பரிசோதிக்க வருபவர்கள் கையில் பார்த்திருப்பீர்கள். டிடெய்லிங் கடைகளிலும் (காரை நுணுக்கமாகச் சுத்தம் செய்து மெருகேற்றும் கடைகள்) பெரும்பாலான பாடி ஷாப்களிலும் இருக்கும். வெளுத்த இடத்தில் ஒருமுறை, அதே கதவின் நடுவில் ஒருமுறை, எதிர்ப்பக்கக் கதவின் அதே விளிம்பில் ஒருமுறை அளக்கச் சொல்லி, எண்கள் தெரியும்படி படம் எடுங்கள். எதிர்ப்பக்கம் 110 காட்டும் இடத்தில் இங்கே 75 காட்டினால் அதற்கு மேல் பேச்சில்லை. (பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண கேஜ் வேலை செய்யாது, முயல வேண்டாம்.)

அடுத்து, 'முன்னாடியே இருந்தது' என்ற வாதம். கடைசியாக கம்பெனி சர்வீஸுக்கு எப்போது விட்டீர்கள்? வண்டியை உள்ளே எடுக்கும்போது அவர்கள் ஜாப் கார்டில் கார் படம் போட்டு எங்கே கீறல், எங்கே டென்ட் என்று குறித்து உங்களிடம் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். அந்தத் தாளைத் தேடுங்கள். கதவு விளிம்பில் குறி இல்லையென்றால் அது உங்களுக்கான சாட்சி. பணம் அனுப்பிய பதிவில் தேதியும் நேரமும் இருக்கிறது, பில் இல்லாத குறையை அது ஓரளவு தீர்க்கும். இன்றைக்கே செய்யவேண்டியது ஒன்று: கடையின் சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி வாட்ஸாப்பில் ஒரு வரி எழுதுங்கள். பழைய பதிவின் மேல் புதியது தானாகவே ஏறிவிடும், தீபாவளி வரை காத்திருக்காது.

அந்த போர்டைப் பற்றி. ஒரு பொருளை வேலைக்காக ஒருவரிடம் ஒப்படைத்தால், அதைத் தன் பொருளைப் போல் பத்திரமாகக் கவனிக்கும் கடமை அவருக்கு உண்டு என்கிறது 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் டெல்லி தாஜ் மஹால் ஓட்டல் வழக்கில் இதைத்தான் சொன்னது. ஓட்டல் ஆளிடம் சாவி கொடுத்து நிறுத்திய கார் திருடுபோனது. 'உரிமையாளர் பொறுப்பில்' என்று டோக்கனில் அச்சடித்திருந்தாலும், தன் ஊழியர்களின் கவனக்குறைவுக்கான பொறுப்பிலிருந்து ஓட்டல் தப்ப முடியாது என்பது தீர்ப்பு. சாவியை வாங்கிக்கொண்ட கார் வாஷ் கடைக்கும் இது பொருந்தும் என்று வாதிடலாம். (அந்தக் கார் திருடுபோனது 1998-ல். தீர்ப்பு வர 21 வருடம். இதையும் மனதில் வைத்துக்கொண்டு பேச்சுவார்த்தைக்குப் போங்கள்.)

என்ன கேட்பது? வெளியே நல்ல டிடெய்லிங் கடை ஒன்றில் மெஷின் தடத்தைச் சரிசெய்ய எவ்வளவு, பாடி ஷாப்பில் அந்த ஒரு கதவுக்குப் பெயின்ட் அடிக்க எவ்வளவு என்று எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். அவை இரண்டும், நீங்கள் கட்டிய 2,200-ம் சேர்ந்ததே உங்கள் தொகை. 'முழு வண்டிக்கும் பெயின்ட் அடித்துக் கொடு' என்று போகாதீர்கள். கம்பெனியில் வெறும் பாடியை 140 டிகிரி அளவில் சுடவைத்து ஏற்றிய பெயின்ட் அது. பிளாஸ்டிக்கும் ஒயரும் பூட்டிய காரைப் பட்டறையில் 60 டிகிரிக்கு மேல் சுடவைக்க முடியாது. பானெட்டிலும் ரூஃபிலும் மீதியிருக்கும் ஒரிஜினல் பெயின்ட்தான் உங்கள் வண்டிக்கு மரியாதை.

இன்ஷூரன்ஸை இதற்குத் தொடாதீர்கள். தேய்மானம் என்று தட்டிக்கழிக்க இடமிருக்கிறது. கிளெய்ம் கிடைத்தாலும், மூன்று வருடம் கிளெய்ம் இல்லாமல் ஓட்டியவருக்கு ஓன் டேமேஜ் (சொந்த வண்டிச் சேதத்துக்கான) பிரீமியத்தில் தள்ளுபடியாகக் கிடைக்கும் 35 சதவீத போனஸ் அடுத்த புதுப்பிப்பில் பறிபோகும். கூடவே கையிலிருந்து கட்டவேண்டிய கட்டாயத் தொகை 1,500 சிசி வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. ஒரு கதவுக்காக இது கட்டுப்படியாகாது.

கடைக்காரர் மசியவில்லையென்றால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்பி 15 நாள் அவகாசம் கொடுங்கள். அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். உங்கள் ஊரிலேயே தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை, 5 லட்ச ரூபாய் வரையிலான சேவைக்குக் கட்டணமும் கிடையாது. சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில் தராததே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறைதான், அதையும் புகாரில் ஒரு பத்தியாகச் சேருங்கள். விஷயம் சின்னதா பெரிதா என்று கேட்டீர்கள். தொகை சின்னது. நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு பல கடைக்காரர்கள் பேச வருவார்கள் என்பது நான் பார்த்த வரையில் உண்மை.

கேள்வி: நாகர்கோவிலில் சின்னதாக வாட்டர் சர்வீஸ் வைத்திருக்கிறேன். உங்கள் பத்தியில் எப்போதும் வாடிக்கையாளர் பக்கமே பேசுகிறீர்கள். பழைய கீறலையெல்லாம் எங்கள் தலையில் கட்டுகிறவர்களை என்ன செய்ய?

பதில்: வண்டி உள்ளே வந்ததும் தூசியை மட்டும் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு, உரிமையாளரை நிற்கவைத்து, டார்ச் அடித்தபடி ஒரு சுற்று வீடியோ எடுங்கள். இரண்டு நிமிடம் ஆகும். மறுபெயின்ட் அடித்த பாகம் ஏதாவது உண்டா என்று கேட்டு, பதிலை பில்லில் குறியுங்கள். இருந்தால் அங்கே பிரஷரைக் குறைத்து நாசிலைத் தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள். கீழ்ப்பகுதியையும் வீலையும் துடைத்த துணி பானெட் பக்கம் வரக்கூடாது, தரையில் விழுந்த துணியை அப்படியே எடுத்துத் தேய்க்கக்கூடாது என்று பையன்களிடம் தினமும் சொல்லுங்கள், நேற்று சொன்னதை இன்று மறந்திருப்பார்கள். உங்கள் கடையிலும் 'பொறுப்பல்ல' போர்டு இருக்கிறதா? அந்த இடத்தில் விலைப்பட்டியலை மாட்டுங்கள்.