ஓட்டுப் போட்டு அலுத்தவர்கள் அரசியல் சட்டத்தைத் திருத்த முடியுமா? கேள்வி பதில்

அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வுக்குப் படிக்கும் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு வார இறுதியில் பாடம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அரசியல் சட்டத்துக்கு இதுவரை எத்தனை திருத்தங்கள் என்பது அதில் ஒரு கேள்வி. 27 என்று எல்லாரும் சட்டென்று சொல்லிவிடுவார்கள். அந்த 27 எப்படி வந்தன, 28வது ஏன் வரமாட்டேன் என்கிறது என்று பேச ஆரம்பித்தால் வகுப்பு முடிய இருட்டிவிடும். சமீபமாக, ஓட்டுப் போட்டே சலித்துவிட்டது, வாஷிங்டனுக்குக் கடிவாளம் போட வேறு வழி இருக்கிறதா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். சேர்த்துப் பதில் எழுதுகிறேன். நான் காங்கிரஸ் என்று எழுதும் இடமெல்லாம் அது இங்கே உள்ள நாடாளுமன்றம், கட்சி இல்லை. பிரதிநிதிகள் சபை, செனட் என்று அதற்கு இரண்டு சபை.

கேள்வி (நியூ ஜெர்சி): அக்கா, 2012ல் குடியுரிமை வாங்கி நாலு அதிபர் தேர்தலில் ஓட்டுப் போட்டுவிட்டேன். யார் வந்தாலும் கடன் ஏறுகிறது, சண்டை நடக்கிறது. 19 வயது மகன் ஓட்டே போடமாட்டேன் என்கிறான். இந்த அலுப்பு எனக்கு மட்டும்தானா?

உங்களுக்கு மட்டும் இல்லை. 1958ல் முதன்முதலாகக் கருத்துக்கணிப்பில், வாஷிங்டன் அரசு பெரும்பாலும் சரியானதைச் செய்யும் என்று நம்புகிறீர்களா என்று கேட்டபோது ஏறக்குறைய நாலில் மூன்று பேர் ஆம் என்றார்கள். வியட்நாம் போர், வாட்டர்கேட் என்று வரிசையாக வந்து அது சரிந்தது, இப்போது ஐந்தில் ஒருவர் அப்படிச் சொன்னாலே அதிகம்.

ஆனால் நம்பிக்கை போனதால் மக்கள் வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள் என்று சொல்லவும் முடியாது. இரண்டு அதிபர் தேர்தல்களுக்கு நடுவே வந்த 2014 காங்கிரஸ் தேர்தலில் தகுதி உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் ஓட்டுப் போட்டார்கள், அதுவே 2020ல் மூன்றில் இரண்டு பங்கு. நூறு வருஷத்தில் காணாத கூட்டம் அது. நம்பிக்கை இல்லாமலே வரிசையில் நின்றிருக்கிறார்கள். எனக்கு அதைவிட வேதனை தருவது வேறு. காங்கிரஸ் சரியில்லை என்று பெரும்பான்மை சொல்கிறது, ஆனால் பிரதிநிதிகள் சபைக்கு மறுபடி நிற்கும் உறுப்பினர்களில் வழக்கமாகப் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஜெயித்துவிடுகிறார்கள். தொகுதி எல்லையை வரைவதே பல மாநிலங்களில் கட்சிகள்தான், பணமும் பதவியில் இருப்பவருக்கே சேர்கிறது. உங்கள் அலுப்பு சோம்பேறித்தனம் இல்லை, அதற்குக் காரணம் இருக்கிறது.

மகனிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். 18 வயதில் வியட்நாமுக்குச் சண்டைக்கு அனுப்பினார்கள், ஓட்டுப் போடும் வயது மட்டும் 21 என்று வைத்திருந்தார்கள். அந்தக் கோபத்தில் வந்ததுதான் 26வது திருத்தம். 1971 மார்ச்சில் காங்கிரஸ் அனுப்பியது, ஜூலை 1க்குள் மாநிலங்கள் நிறைவேற்றிவிட்டன. இருக்கிற 27லேயே வேகமானது அவன் வயசுப் பிள்ளைகளுக்காக வந்தது.

கேள்வி (ஹூஸ்டன்): திருத்தம் கொண்டுவர என்னதான் முறை? எளிமையாகச் சொல்லுங்கள்.

அரசியல் சட்டத்தின் 5வது பிரிவு இரண்டு கதவு வைத்திருக்கிறது. ஒன்று, காங்கிரஸின் இரண்டு சபையிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டோடு முன்மொழிவது. இன்னொன்று, மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்கள், அதாவது 34 சட்டமன்றங்கள், திருத்தம் முன்மொழிய ஒரு மாநாடு கூட்டு என்று காங்கிரஸுக்கு விண்ணப்பிப்பது. எந்தக் கதவு வழியாக வந்தாலும் கடைசியில் 38 மாநிலங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

27 திருத்தங்களும் முதல் கதவு வழியாகவே வந்தவை. இரண்டாவது இதுவரை திறந்ததே இல்லை.

கேள்வி (டல்லாஸ்): ஃபெடரல் அரசுக்கு, அதாவது மத்திய அரசுக்குக் கொடுக்காத அதிகாரமெல்லாம் மாநிலங்களுக்கும் மக்களுக்கும் என்று 10வது திருத்தம் 1791லேயே சொல்லிவிட்டது அல்லவா? பிறகு எப்படி இவ்வளவு பெரிசாக வளர்ந்தது?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒஹையோவில் ராஸ்கோ ஃபில்பர்ன் என்று ஒரு விவசாயி. கோதுமை விலை விழாமல் இருக்க யார் எவ்வளவு பயிரிடலாம் என்று ஃபெடரல் அரசு அளவு வைத்திருந்த காலம். அவருக்கு ஒதுக்கியது 11.1 ஏக்கர், அவர் போட்டது 23 ஏக்கர். அதிகமாக விளைந்த 239 புஷல் (இங்கே தானியம் அளக்கும் அளவு) கோதுமைக்குப் புஷலுக்கு 49 சென்ட் வீதம் 117 டாலர் 11 சென்ட் அபராதம். என் மாட்டுக்கும் கோழிக்கும் என் வீட்டு மாவுக்கும் நான் விளைவித்தது, இதில் வாஷிங்டனுக்கு என்ன வேலை என்று கோர்ட்டுக்குப் போனார். 1942ல் சுப்ரீம் கோர்ட் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் காங்கிரஸுக்கு உண்டு, நீ உன் கோதுமையைச் சாப்பிட்டால் சந்தையில் வாங்கமாட்டாய், உன்னைப் போல எல்லாரும் செய்தால் வணிகம் பாதிக்கும், ஆகவே அது காங்கிரஸின் அதிகாரத்துக்குள் வரும் என்றது. சொந்தக் களத்துமேட்டில் கிடக்கும் தானியம் வரை எட்டிய பிறகு அந்த அதிகாரத்துக்கு எல்லை எங்கே? 1995ல் பள்ளிக்கூடம் அருகே துப்பாக்கி வைத்திருப்பது பற்றிய வழக்கில்தான், இது வணிகம் இல்லை என்று கோர்ட் கொஞ்சம் பிரேக் போட்டது.

இரண்டாவது வழி பணம். மது குடிக்கும் வயதை நிர்ணயிப்பது மாநிலங்களின் வேலை. காங்கிரஸ் 1984ல், 21 வயது என்று வைக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலைப் பணத்தில் 5 சதவீதம் பிடித்துக்கொள்வோம் என்றது. சவுத் டகோடா வழக்குப் போட்டு 1987ல் தோற்றது. மாநிலத்து மக்களிடம் வாங்கிய வரியையே நிபந்தனையோடு திருப்பிக் கொடுத்தால் எந்த ஆளுநரால் வேண்டாம் என்று சொல்ல முடியும்? எல்லா மாநிலமும் வழிக்கு வந்துவிட்டது. 21 என்பது நல்ல விதியாகவே இருக்கட்டும், அது வந்த விதம்தான் என்னை உறுத்துகிறது.

10வது திருத்தம் நல்ல வாக்கியம், ஆனால் எது யார் அதிகாரம் என்று அளந்து சொல்லும் பொறுப்பு ஃபெடரல் கோர்ட்டிடமே இருக்கிறது. அதிபருக்கு இரண்டு முறைதான் என்ற 22வது திருத்தத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரூஸ்வெல்ட் நாலு முறை ஜெயித்தார், 1951ல் அந்தத் திருத்தம் வந்தது, அதன் பிறகு மூன்றாவது முறை யாரும் தேர்ந்தெடுக்கப்படவில்லை. ஏனென்றால் இரண்டு என்பதை விளக்கிச் சொல்ல நீதிபதி தேவையில்லை. புதிதாக எது கேட்டாலும் எண்ணிப் பார்க்கக்கூடியதாகக் கேளுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

கேள்வி (சான் ஹோசே): அப்படியானால் காங்கிரஸ் உறுப்பினர்களுக்கும் பதவி வரம்பு வைத்துவிட்டால் போகிறது. மாநிலங்களே செய்யலாமே?

செய்து பார்த்துவிட்டார்கள். 1990களின் தொடக்கத்தில் 23 மாநிலங்கள் தங்கள் காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு வரம்பு வைத்தன, பெரும்பாலும் மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டு. ஆர்கன்சா வழக்கில் 1995ல் சுப்ரீம் கோர்ட் 5க்கு 4 என்று அது செல்லாது, அரசியல் சட்டத்தில் உள்ள தகுதிகளுக்கு மேல் மாநிலம் எதுவும் சேர்க்க முடியாது என்றது. 23 மாநிலத்து மக்களின் ஓட்டு ஒரே நாளில் வீணானது. அதே வருஷம் பிரதிநிதிகள் சபையில் திருத்தமாகவே கொண்டுவந்தார்கள். ஆதரவு 227, எதிர்ப்பு 204, தேவைப்பட்டதோ 288. தன் நாற்காலிக்குத் தானே நாள் குறிக்க எத்தனை பேர் முன்வருவார்கள்?

நான் இதை ஆதரிக்கிறேன். எதிர்த்தரப்பு சொல்வதிலும் நியாயம் உண்டு: மாநிலச் சட்டமன்றங்களில் வரம்பு வைத்த இடங்களில், அனுபவசாலிகள் போன பிறகு சட்டங்களைத் தங்களுக்குச் சாதகமாக்கப் பேசும் பரப்புரை முகவர்களும் (லாபியிஸ்டுகள்) அலுவலர்களும்தான் விவரம் தெரிந்தவர்களாக மிஞ்சுகிறார்கள் என்கிறார்கள். அதனால் ஆறு வருஷம் போன்ற குறுகிய வரம்பு வேண்டாம், பன்னிரண்டு வருஷமாவது இருக்கட்டும் என்பது என் எண்ணம்.

கேள்வி (அட்லாண்டா): வரவுக்குள் செலவு செய் என்று திருத்தம் போட்டால் கடன் நின்றுவிடுமே? வீட்டில் நாம் அப்படித்தானே இருக்கிறோம்?

1997ல் செனட்டில் 66க்கு 34. தேவை 67, ஒரே ஒரு ஓட்டில் போனது. அதற்கு முன்பே 1983க்குள் 32 மாநிலங்கள் இதற்காக மாநாடு கேட்டுவிட்டன, இன்னும் இரண்டுதான் பாக்கி. அப்புறம் சில மாநிலங்கள் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றன. கடன் 1981ல் ஒரு டிரில்லியன் டாலரைத் தாண்டியது, இப்போது 36 டிரில்லியனுக்கு மேல்.

இதில் மட்டும் நான் உங்களோடு முழுக்க உடன்படவில்லை. வரவு எது செலவு எது என்பதைக் கணக்குப் புத்தகத்தில் நகர்த்தலாம். அந்த விதி உள்ள மாநிலங்களே தனி வாரியம் வைத்துக் கடன் வாங்குகின்றன. போரும் மந்தநிலையும் வந்தால் விலக்கு வேண்டும், விலக்கு வைத்தால் அதன் வழியாகவே எல்லாம் போகும். வீட்டுக் கணக்கோடு ஒப்பிடுகிறீர்கள், வீட்டில் வேலை போனால் நாமும் கடன்தான் வாங்குகிறோம்.

கேள்வி (சிகாகோ): மாநில மாநாடு கூட்டினால் அது கட்டு மீறிப் போய் மொத்தச் சட்டத்தையும் மாற்றிவிடும் என்கிறார்களே, பயமாக இருக்கிறது.

பயத்துக்கு முன்னுதாரணம் இருக்கிறது. 1787ல் பிலடெல்பியாவில் கூடிய 55 பேரை அனுப்பியது பழைய கூட்டமைப்பு விதிகளைத் திருத்தத்தான். அவர்கள் அதை ஓரம் வைத்துப் புதிதாகவே எழுதினார்கள். பழைய விதியின்படி 13 மாநிலமும் சம்மதிக்க வேண்டும், அவர்களோ 9 போதும் என்று தாங்களே வைத்துக்கொண்டார்கள். ரோட் ஐலண்ட் ஆளே அனுப்பவில்லை.

இப்போது கூட்டினாலும் ஒரு மாநிலத்துக்கு எத்தனை ஓட்டு, பிரதிநிதியை யார் தேர்ந்தெடுப்பது, ஒரு பொருளோடு நிறுத்த முடியுமா என்று 5வது பிரிவில் ஒரு வரி கிடையாது. அதே சமயம், எதை எழுதினாலும் 38 மாநிலம் ஒப்புக்கொள்ள வேண்டும், அதாவது 13 மாநிலம் மறுத்தால் முடிந்தது. இன்றைய பிளவில் ஒரு கட்சியின் விருப்பம் மட்டும் அந்த வாசலைத் தாண்டாது. ஃபெடரல் அரசாங்கத்தின் அதிகாரத்தைக் குறைக்க வேண்டும் என்று மாநாடு கேட்கும் விண்ணப்பத்தை 2022 முடிவதற்குள் 19 மாநிலங்கள் நிறைவேற்றியிருந்தன, 34 இன்னும் தூரம்.

பிலடெல்பியாவுக்கு வந்த வர்ஜீனியா பிரதிநிதி ஜார்ஜ் மேசன் 1787 செப்டம்பரில், அந்த மாநாட்டின் கடைசி நாட்களில் எழுந்து, அரசே அடக்குமுறை செய்தால் அதே அரசா திருத்தம் முன்மொழியும் என்று கேட்டதால்தான் இந்த இரண்டாவது கதவே வந்தது. திறக்காவிட்டாலும் அதைத் தட்டியதில் பலன் இருந்திருக்கிறது. செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று மாநிலங்கள் வரிசையாக மாநாடு கேட்டு எண்ணிக்கை நெருங்கிய பிறகுதான், அதுவரை இழுத்தடித்த செனட் இறங்கிவந்தது. 1913ல் 17வது திருத்தம் அப்படி வந்தது. நான் மாநாட்டைக் கேட்பது அது கூட வேண்டும் என்பதற்காக அல்ல, கூடிவிடுமோ என்று காங்கிரஸ் தானே செய்ய வேண்டும் என்பதற்காக.

கேள்வி (டொராண்டோ): இந்தியாவில் நூறு திருத்தத்துக்கு மேல் போய்விட்டதே. அமெரிக்காவில் ஏன் 27?

இந்தியாவில் 2023க்குள் 106. அங்கே பல திருத்தங்களுக்கு நாடாளுமன்றமே போதும், சிலவற்றுக்கு மட்டும் பாதி மாநிலங்கள். இங்கே எதற்கும் 38. இரண்டிலும் கஷ்டம் உண்டு, ஆனால் ஆட்சியில் இருப்பவர் தன் வசதிக்கு மாற்ற முடியாமல் இருப்பதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

கேள்வி (ஆஸ்டின்): இதெல்லாம் பெரிய மனிதர்கள் விஷயம். என்னைப் போல ஒரு மாணவனால் என்ன செய்ய முடியும்?

தம்பி, உங்கள் ஊரிலேயே நடந்தது இது. 1982ல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் கிரெகரி வாட்சன் என்ற மாணவர் வகுப்புக்கு ஒரு கட்டுரை எழுதினார். காங்கிரஸ் தன் சம்பளத்தை மாற்றினால் அடுத்த தேர்தல் முடிந்த பிறகே அது அமலுக்கு வர வேண்டும் என்று 1789ல் ஜேம்ஸ் மாடிசன் (பின்னாளில் அதிபர் ஆனவர்) கொண்டுவந்த திருத்தம் போதுமான மாநிலங்கள் ஒப்புக்கொள்ளாமல் கிடந்தது. அதற்குக் காலக்கெடு இல்லை, இன்னும் நிறைவேற்றலாம் என்று எழுதினார். ஆசிரியர் போட்ட மதிப்பெண் சி. அவர் விடவில்லை, மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டார். 1983ல் மெயின், 1984ல் கொலராடோ என்று ஆரம்பித்தது, காங்கிரஸ் சம்பள உயர்வு மேல் மக்களுக்கு இருந்த எரிச்சலும் சேர்ந்தது, 1992 மே மாதம் அது 27வது திருத்தமானது. 2017ல் பல்கலைக்கழகம் அவருடைய மதிப்பெண்ணை ஏ ஆக மாற்றியது. அவர் கேட்டதும் எண்ணிப் பார்க்கக்கூடிய ஒரே ஒரு விஷயம், கேட்ட இடம் வாஷிங்டன் இல்லை.

கேள்வி (நாஷுவா, நியூ ஹாம்ப்ஷயர்): கிரீன் கார்டில் இருக்கிறேன், ஓட்டு இல்லை. எனக்கு இதில் வேலை இருக்கிறதா?

எந்தத் தேர்தலுக்கும் தப்பித் தவறிக்கூட ஓட்டுப் பதிவு செய்துவிடாதீர்கள், குடியேற்ற வழக்கில் பெரிய சிக்கலாகும். மற்றபடி தொகுதி பிரிக்கும்போது தலை எண்ணுவதில் நீங்களும் சேர்த்தி, உங்கள் உறுப்பினரிடம் பேச முழு உரிமை உண்டு.

அதிலும் நீங்கள் கொடுத்துவைத்த மாநிலத்தில் இருக்கிறீர்கள். காங்கிரஸில் ஒரு பிரதிநிதிக்குச் சுமார் ஏழரை லட்சம் பேர். உங்கள் மாநிலக் கீழவையில் 400 உறுப்பினர்கள், ஒருவருக்குச் சுமார் மூவாயிரத்து ஐந்நூறு பேர்தான், வருஷச் சம்பளம் நூறு டாலர். காய்கறிக் கடையில் பார்த்துப் பேசக்கூடிய ஆட்கள். சட்டமன்ற இணையதளத்தில் உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டால் பெயரும் தொலைபேசியும் வரும். பதவி வரம்புத் திருத்தம் பற்றி, அது மட்டும், ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். அதற்கு முன்னால் உங்கள் மாநிலம் ஏற்கெனவே எந்த விண்ணப்பத்தை நிறைவேற்றியிருக்கிறது, எதைத் திரும்பப் பெற்றது என்று பார்த்துவிடுங்கள், அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.