ஆணையில் இல்லாத காரணத்தை கவுண்டரில் எழுதலாமா?

கேள்வி: விளவங்கோடு வட்டத்தில் ஒரு பேரூராட்சியின் வழக்குகளை நான் நடத்துகிறேன். ஊருக்கு நடுவே இருக்கும் ஓர் அண்டி ஆபீஸின் (முந்திரி ஆலையின்) வறுப்புப் புகையால் பக்கத்து வீடுகளில் பிள்ளைகள் இருமிச் சாகிறார்கள். பல வருடப் புகாருக்குப் பிறகு செயல் அலுவலர் தொழில் உரிமத்தை ரத்து செய்தார். உரிமையாளர் பணபலம் உள்ளவர். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போட்டு, எங்களைக் கேட்காமலேயே இடைக்காலத் தடை வாங்கிவிட்டார். மன்றத் தலைவர் என்னைப் பார்த்து ‘நீரெல்லாம் வக்கீலா?’ என்கிறார். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை இல்லாதது, புகைபோக்கி உயரக் குறைவு, கோப்பிலுள்ள சுகாதார ஆய்வாளரின் அறிக்கை, 14 புகைப்படங்கள் என எல்லா ஆதாரமும் கையில் இருக்கிறது. இவற்றை கவுண்டரில் (ரிட்டுக்கு நாங்கள் தரும் பதில் பிரமாணப் பத்திரத்தில்) விரிவாக எழுதித் தடையை விலக்க மனுப் போடலாமா? ஆணை நகல், நோட்டீஸ் நகல் இணைத்துள்ளேன்.

பதில்: பிள்ளைகளின் இருமல், உரிமையாளரின் பணம், தலைவரின் வாய் மூன்றையும் ஓரமாக வையுங்கள். நீதிபதி முதலில் புரட்டப்போவது ஆணையை. அதன் உடல் மொத்தமே ஒரு வாக்கியம்: “பொதுமக்கள் புகாரின் அடிப்படையிலும் மன்றத் தலைவரின் அறிவுறுத்தலின்படியும் மேற்படி தொழிற்கூடத்தின் உரிமம் இத்துடன் ரத்து செய்யப்படுகிறது.” இந்த ஒரு வாக்கியத்துக்குள்தான் உங்கள் வழக்கு இருக்கிறது. 14 படங்களுக்கும் அதற்குள் இடமில்லை.

மொகிந்தர் சிங் கில் வழக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. 1977 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வில் கிருஷ்ணய்யர் எழுதியது. ஆணை நிற்பதும் விழுவதும் அதில் சொன்ன காரணத்தால் மட்டுமே. பிறகு பிரமாணப் பத்திரத்தில் புதுக் காரணம் ஊற்றி நிரப்ப முடியாது. நாள் ஆக ஆக ருசி ஏற ஆணை ஒன்றும் பழைய மது இல்லை என்பது அவர் சொன்ன உவமை. இதற்கு மறுப்பாக 2010-இன் ஷியாம் குமார் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு போக ஆசை வரும். அது ரயில்வே தேர்வில் நடந்த பெருமளவு முறைகேடு பற்றியது. பரந்த பொதுநலன் இருந்தால் பின்னால் வந்த தகவலையும் பார்க்கலாம் என்றது. ஒரு முந்திரி ஆலையின் உரிமத்துக்கு அதை இழுத்து நீட்டினால் அறுந்துவிடும்.

ஆணையின் தலைப்பில் இருக்கும் ‘பார்வை’ (ஆதார ஆவணங்கள்) பட்டியலைப் பாருங்கள். இரண்டே வரிசை எண்: ஒன்று புகார் மனு, இரண்டு தலைவரின் கடிதம். சுகாதார ஆய்வாளர் நேரில் போய் அளவெடுத்துக் கொடுத்த அறிக்கை கோப்பில் கிடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது பார்வை மூன்றாக ஏறி, நகலும் உரிமையாளருக்குப் போயிருந்தால் இன்று நான் வேறு பதில் எழுதியிருப்பேன்.

அதைவிட மோசம், ‘மன்றத் தலைவரின் அறிவுறுத்தலின்படி’ என்ற சொற்கள். 1951-இல் கோர்தன்தாஸ் பான்ஜி வழக்கில் பம்பாய் போலீஸ் கமிஷனர் ஒரு சினிமா கொட்டகைக்கான அனுமதியை, அரசாங்கம் பணித்தபடி என்று எழுதி ரத்து செய்தார். அதிகாரம் கமிஷனருடையது, உத்தரவோ வேறிடத்திலிருந்து வந்தது. உச்ச நீதிமன்றத்தில் ஆணை நிற்கவில்லை. உங்கள் செயல் அலுவலர் அதே குழியில் நிற்கிறார்.

நம் பேரூராட்சிகள் வழக்கமாக விழுவது இதற்கு அடுத்த படியில். ரிட் மனுவின் ஒவ்வொரு பத்திக்கும் அலுவலகத்தின் பதிலை, அதாவது பத்திவாரிக் குறிப்புரையைக் கேட்டால், “செயல் அலுவலர் சுயமாகப் பரிசீலித்தே முடிவெடுத்தார்” என்று யாரோ எழுதிக் கொடுப்பார்கள். நீங்கள் அப்படியே மொழிபெயர்த்து கவுண்டரில் வைப்பீர்கள். சத்தியம் செய்து கையெழுத்துப் போடுவது செயல் அலுவலர். எதிர்த்தரப்பு தகவல் உரிமைச் சட்டத்தில் குறிப்புக் கோப்பின் நகலை வாங்கி மறுவுரையில் (கவுண்டருக்கான பதிலில்) இணைக்கும். இல்லாவிட்டால் நீதிபதியே மூலக் கோப்பைக் கொண்டுவரச் சொல்வார். அந்தப் பதற்றத்தில்தான் முன்தேதியிட்ட குறிப்பு ஒன்று முளைக்கும். பக்க எண் இடிக்கும், மை மாறியிருக்கும், இடையில் சொருகியது எழுத்தரின் கையெழுத்திலேயே தெரியும். அதுவரை தோற்றுப்போகிற ஒரு ரிட்டாக மட்டும் இருந்தது, அன்றிலிருந்து பொய்ச் சாட்சியம்: பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 229, நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 379-இன் கீழ் விசாரணை. பேரூராட்சியின் தீர்மானம் எதுவும் செயல் அலுவலரைக் காப்பாற்றாது. கோப்பை இன்றே வாங்கிப் பக்கத்துக்குப் பக்கம் நகலெடுத்து, கடைசிப் பக்க எண்ணை உங்கள் கடிதத்தில் குறித்து அனுப்பிவிடுங்கள்.

இரண்டாவது கண்ணி தடைக் காலத்தில் இருக்கிறது. மார்ச் 31 வரும், உரிமத்தின் காலம் முடியும். ‘ஆணைக்குத்தான் தடை, உரிமமே இல்லாதவனுக்கு என்ன தடை’ என்று சாமர்த்தியம் பேசிப் பூட்டு போடுவார்கள். அல்லது புதுப்பிக்கக் கொடுத்த மனுவை வாங்காமல் திருப்பி அனுப்புவார்கள், மின்வாரியத்துக்கு இணைப்பைத் துண்டிக்கக் கடிதம் எழுதுவார்கள். தடையைப் பின்வாசல் வழியாக உடைப்பதாகத்தான் நீதிமன்றம் இதைப் படிக்கும். அவமதிப்பு மனுவில் நோட்டீஸ் செயல் அலுவலரின் பெயரில் வரும், பதவியின் பெயரில் அல்ல. 1971 நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் பிரிவு 12-இல் ஆறு மாதம் வரை வெறுங்காவல் இருக்கிறது. புதுப்பித்தல் மனு வந்தால் வாங்குங்கள், கட்டணத்தைப் பெறுங்கள், ‘ரிட் மனுவின் இறுதித் தீர்ப்புக்கு உட்பட்டது’ என்று எழுதிக் கொடுங்கள்.

தடையை விலக்கும் மனு? அரசியலமைப்பின் பிரிவு 226(3)-இன்படி இரண்டு வாரத்தில் தீர்க்கப்பட வேண்டும், சரிதான். ஆனால் அந்த இரண்டு வாரத்தில் நீதிபதி படிக்கப்போவது அதே ஒற்றை வாக்கியத்தைத்தான். தோல்வியை முன்கூட்டி அழைக்கிறீர்கள். மேல்முறையீட்டு வழி இருக்க ரிட் எதற்கு என்ற ஆட்சேபணையும் உதவாது. இயற்கை நீதி (குற்றச்சாட்டைச் சொல்லி, பதிலைக் கேட்டு முடிவெடுக்கும் நெறி) மீறப்பட்டால் அது தடையில்லை என்று 1998-இன் வேர்ல்பூல் தீர்ப்பு சொல்லிவிட்டது. மூன்றே நாள் கொடுத்து, என்ன மீறல் என்று சொல்லாமல், ‘நிபந்தனை மீறியுள்ளீர்’ என்று மட்டும் எழுதிய நோட்டீஸை வைத்துக்கொண்டு இயற்கை நீதியைப் பேச முடியாது.

எனவே ஆணையைத் திரும்பப் பெறுங்கள். செயல் அலுவலர் தனிச் செயல்முறை ஆணையாகவே அதை எழுத வேண்டும். அந்த நகலுடன், சட்டப்படி புதிதாக நடவடிக்கை எடுக்கும் உரிமையைக் காத்து வழக்கை முடிக்கக் கோரும் மெமோவை (சிறு எழுத்துக் குறிப்பை) நீதிமன்றத்தில் தாக்கல் செய்யுங்கள். மெமோவில் அந்த வரி விட்டுப்போனால், ஏற்கெனவே கைவிட்டதை மறுபடி எடுக்கிறார்கள் என்று அடுத்த ரிட் வரும்.

அதற்குப் பிறகு புது நோட்டீஸ். எந்த நிபந்தனை, எந்த விதி, புகைபோக்கி எத்தனை மீட்டர் இருக்க வேண்டும், அளந்தபோது எத்தனை இருந்தது, எந்தத் தேதியில் யார் அளந்தார் என்று எழுதுங்கள். ஆய்வறிக்கை நகலை இணைத்து 15 நாள் கொடுங்கள். ‘நிரூபணமாகிவிட்டது’ என்ற சொல் நோட்டீஸில் தலைகாட்டக் கூடாது. 2010-இல் ஓரிக்ஸ் ஃபிஷரீஸ் என்ற கடலுணவு ஏற்றுமதி நிறுவனத்தின் பதிவு ரத்து, நோட்டீஸிலேயே முடிவைச் சொல்லிவிட்டார்கள் என்பதால் கவிழ்ந்தது. நேரில் கேட்டதற்கு நடவடிக்கைக் குறிப்பு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இறுதி ஆணையில் பதிலின் ஒவ்வொரு வாதத்துக்கும் ஒரு பத்தியாவது இருக்கட்டும். தலைவரின் கடிதத்துக்குப் பார்வையில் இடம் வேண்டாம்.

இசைவாணை இல்லாமல் ஆலை ஓடுவது காற்று மாசுச் சட்டத்தின் விஷயம். மூடச் சொல்லும் பிரிவு 31அ அதிகாரம் வாரியத்திடம் இருக்கிறது. ஆணையைத் திரும்பப் பெற்ற பிறகு ஆய்வறிக்கையோடு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதுங்கள். தடை ஓடிக்கொண்டிருக்கும்போது எழுதாதீர்கள்.

இதையெல்லாம் தொடங்குமுன் எதிர்த்தரப்பு வழக்கறிஞரிடம் ஒரு முறை பேசிப் பாருங்கள். டிரம்மில் வறுக்கும்போது கொட்டையின் ஓட்டிலுள்ள எண்ணெய் எரிவதால்தான் தொண்டையைப் பிடிக்கும் அந்தப் புகை. கொட்டையை நீராவியில் வேகவைத்து உடைக்கும் ஆலைகள் மாவட்டத்திலேயே இருக்கின்றன. குறித்த காலத்துக்குள் நீராவிக்கு மாறுவதாக உரிமையாளர் பிரமாணப் பத்திரம் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டாருக்கு வேண்டியது புகை நிற்பதுதான். ஆனால் வெள்ளைத் தாளில் தனி ஒப்பந்தம் போடாதீர்கள். சட்டம் கொடுத்த அதிகாரத்தைப் பேரூராட்சி பேரம் பேசி விட்டுக்கொடுக்க முடியாது. நீதிமன்றம் பதிவு செய்யட்டும், உரிமத்திலும் நிபந்தனையாக ஏறட்டும்.

தலைவரிடம் இதை வாய்வார்த்தையாகச் சொல்ல வேண்டாம். செயல் அலுவலருக்கு முகவரியிட்டு ஒரு பக்கக் கருத்துரை எழுதி, தபால் பதிவேட்டில் ஏற்றி, எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.