4.5-ஆ, 4.8-ஆ? கிராஃபீன் எலக்ட்ரானை விடும் கணக்கு

கேள்வி: கிராஃபீனின் வெளியேற்று ஆற்றல் ஒரு இடத்தில் 4.5 எலக்ட்ரான் வோல்ட் என்றும், இன்னொரு இடத்தில் 4.8 என்றும் போட்டிருக்கிறது. எது சரி? எலக்ட்ரான் உமிழ்வுக்கு அது நல்ல பொருளா?

இரண்டும் சரிதான். கிராஃபீன் என்பது ஓர் அணு கனமே உள்ள கார்பன் தாள். அதிலிருந்து ஒரு எலக்ட்ரானை வெளியே எடுக்கத் தேவையான ஆற்றல்தான் வெளியேற்று ஆற்றல், எலக்ட்ரான் வோல்ட் அதன் அலகு. எதன் மேல் கிடக்கிற கிராஃபீன், காற்றில் அளந்ததா வெற்றிடத்தில் அளந்ததா என்று கேட்காமல் எண்ணை மட்டும் எடுத்தால் இந்தக் குழப்பம் வரும். எனக்கும் வந்து, இரண்டு மாதம் அதில் போனது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் மண்டபம் பக்கம். சின்ன வயதில் தனுஷ்கோடியில் அத்தை குடிசைக்குப் போனால் தண்ணீர் எடுக்கும் வேலை பிள்ளைகளுக்குத்தான். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கும். மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். சிரட்டையால் நாலு தடவை மொண்டால் ஊத்தில் மட்டம் சடாரென்று இறங்கிவிடும். மறுபடி ஊறும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். எங்கள் ஊர் ஊருணியிலோ நூறு குடம் எடுத்தாலும் ஒரு படிகூட இறங்காது.

வெளியேற்று ஆற்றல் என்பது, நீர்மட்டத்திலிருந்து கரை விளிம்பு வரை உள்ள உயரம். நீர்மட்டம் என்றால் பெர்மி மட்டம், அதாவது பொருளில் எலக்ட்ரான்கள் எந்த ஆற்றல் வரை நிரம்பியிருக்கின்றன என்பது. கரையைத் தாண்டினால் வெற்றிடம். செம்பு, டங்ஸ்டன் போன்ற உலோகங்கள் ஊருணி. கொஞ்சம் எலக்ட்ரானைச் சேர்த்தாலும் எடுத்தாலும் மட்டம் அசையாது. அதனால்தான் பாடப்புத்தகம் ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒரே எண்ணைப் போட்டுவிட்டுப் போகிறது.

கிராஃபீன் ஊத்து. அதன் ஆற்றல் அமைப்பை உடுக்கை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்: கீழே ஒரு கூம்பு, மேலே ஒரு கூம்பு, நடுவில் இடுப்பு. சுத்தமான கிராஃபீனில் எலக்ட்ரான்கள் சரியாக இடுப்பு வரை நிரம்பியிருக்கும். இடுப்பில் எலக்ட்ரான் உட்கார இடமே கிடையாது என்பதால் துளி ஊற்றினாலும் மட்டம் குபீரென்று ஏறும், துளி எடுத்தாலும் இறங்கும். ஒரு சதுர செ.மீ.க்கு 10¹² எலக்ட்ரான் சேர்த்தால் மட்டம் சுமார் 0.12 எலக்ட்ரான் வோல்ட் நகர்கிறது. 10¹³ சேர்த்தால் சுமார் 0.37. பத்து மடங்கு ஊற்றியும் பத்து மடங்கு ஏறவில்லை, பாருங்கள். கூம்பு மேலே போகப் போக அகலமாவதால் வர்க்கமூலக் கணக்கு. அந்த 10¹³ என்பதும் ஏறத்தாழ 380 கார்பன் அணுவுக்கு ஒரு எலக்ட்ரான்தான்.

2009-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிலிப் கிம் குழுவினர் இதை நேராகவே காட்டினார்கள். கேட் (கிராஃபீனுக்கு அடியில், அதைத் தொடாமல் இருக்கும் மின்முனை) மின்னழுத்தத்தை மாற்ற மாற்ற ஒற்றை அடுக்கு கிராஃபீனின் வெளியேற்று ஆற்றல் 4.5-இலிருந்து 4.8 வரை நகர்ந்தது. உங்கள் இரண்டு எண்ணும் இதிலேயே இருக்கின்றன. இரட்டை அடுக்கில் 4.65 முதல் 4.75 வரை மட்டுமே. அங்கே உடுக்கையின் இடுப்பு அவ்வளவு ஒல்லி இல்லை.

இப்போது என் இரண்டு மாதம். செம்புத் தகட்டில் வளர்த்த கிராஃபீனை ஓர் ஆய்வகத்தில் கெல்வின் ப்ரோப் என்ற, வெளியேற்று ஆற்றலை அளக்கும் கருவியை வைத்து அளந்துகொண்டிருந்தேன். காலையில் ஒரு எண், சாயங்காலம் வேறு எண். வாடைக்காற்று மழையோடு தொடங்கியதும் இன்னும் மோசம். ஈரமும் ஆக்சிஜனும் மேலே ஒட்டி எலக்ட்ரானை உறிஞ்சுகின்றன, அதனால் மட்டம் இறங்கி எண் கூடுகிறது என்று அழகாக எழுதிக் கொண்டுபோய் நீட்டினேன். சார் படித்துவிட்டு, “தம்பி, அந்த முனையை யாரு அளந்தா?” என்றார். கெல்வின் ப்ரோப் காட்டுவது வித்தியாசத்தை மட்டும்தான். மேலே அதிர்கிற தங்க முனைக்கும் கீழே இருக்கும் மாதிரிக்கும் உள்ள வித்தியாசம். ஈரத்தில் தங்கத்தின் எண்ணும் மாறும். அதன்பின் ஒவ்வொரு முறையும், டேப்பால் அப்போதுதான் உரித்த கிராஃபைட்டை வைத்து முனையைச் சரிபார்த்த பிறகே மாதிரியைத் தொட்டேன். பழைய அளவுகள் எல்லாம் குப்பைக்குப் போயின.

உமிழ்வுக்கு நல்லதா என்ற கேள்விக்கு வருவோம். 4.5 என்பது டங்ஸ்டனின் எண்ணேதான், ஒன்றும் சிறப்பில்லை. சூடாக்கி எலக்ட்ரானை எடுக்கும் வெப்ப அயனி உமிழ்வில் இந்த எண் அடுக்குக்குறியில் போய் உட்கார்கிறது. 1000 கெல்வினில் 0.1 குறைத்தால் மின்னோட்டம் மூன்று மடங்கு. ஒரு முழு எலக்ட்ரான் வோல்ட் குறைத்தால் லட்சம் மடங்கு. அதனால் எல்லாரும் குறைக்கத்தான் பார்க்கிறார்கள். மட்டத்தை ஏற்றுவது ஒரு வழி, கரையையே வெட்டி இறக்குவது இன்னொன்று. சீசியத்தை மேலே படியவிட்டால் இரண்டும் நடக்கும்: சீசியம் தன் எலக்ட்ரானைக் கொடுத்துவிடும், மேற்பரப்பில் இருமுனை அடுக்கு உருவாகிக் கரையும் தாழும். சீசியம், ஆக்சிஜன், கேட் மூன்றையும் சேர்த்து 2015-இல் சுமார் 1 எலக்ட்ரான் வோல்ட் வரை இறக்கிக் காட்டினார்கள். வெற்றிடத்துக்குள் மட்டும்தான், காற்றுப் பட்ட சீசியம் நிற்காது.

இன்னொரு சிக்கல் உண்டு. கிராஃபீனில் எலக்ட்ரான்கள் தாளின் தளத்துக்குள் பாய்கின்றன, வெளியேறுவதோ தாளுக்குச் செங்குத்தாக. அதனால், சூடான உலோகத்திலிருந்து வரும் மின்னோட்டத்தைச் சொல்லும் ரிச்சர்ட்சன் சமன்பாட்டில் உள்ள வெப்பநிலையின் வர்க்கம் இங்கே பொருந்தாது, வெப்பநிலையின் மூன்றாம் அடுக்கு வரும் என்று சிங்கப்பூரில் லியாங், ஆங் இருவரும் 2015-இல் கணித்தார்கள். இது கோட்பாட்டுக் கணிப்பு. ப்ராஜெக்டில் போட்டால் அப்படிச் சொல்லியே போடுங்கள்.

என்னைக் கேட்டால் கிராஃபீனின் பலம் புல உமிழ்வில்தான். தாளை நிறுத்தி வைத்தால் அதன் விளிம்பு ஓர் அணு கனமே. மின்புலம் அங்கே குவியும், சூடே இல்லாமல் எலக்ட்ரான் கரையைத் துளைத்துக்கொண்டு போகும். படுக்க வைத்த தாளில் இந்த லாபம் கிடைக்காது.

டியூஷனில் ஒரு பையன், “சார், நம்ம ஊர் வெயில்ல வச்சா போதாதா?” என்றான். ஒளியே எலக்ட்ரானைத் தள்ளிவிட எவ்வளவு குட்டை அலைநீளம் வேண்டும் என்று பார்க்க 1240-ஐ 4.5-ஆல் வகுக்கச் சொன்னேன். சுமார் 276 நானோமீட்டர் வந்தது. அந்த அலைநீளத்தை ஓசோன் மேலேயே பிடித்துக்கொள்கிறது. சித்திரை வெயிலிலும் பாம்பன் பாலத்துக்கு அது வந்து சேராது.