தானம் இருக்கட்டும், சம்பளம் எப்படி?

கேள்வி: பதினாலு பேரை வைத்து பவர் டேபிள் (கம்பெனிகளுக்குத் துணி தைத்துக் கொடுக்கும் சின்னத் தையல் பட்டறை) ஓட்டுகிறேன். ஒவ்வொரு ஜூனிலும் பக்கத்து அரசுப் பள்ளிக்கு நோட்டுப் புத்தகம் வாங்கித் தருகிறேன். அப்படியும் 'ஏற்றத்தாழ்வைக் குறைக்கத் தொழில் செய்கிறவர்கள் முன்வர வேண்டும்' என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். அது அரசாங்கத்தின் வேலை இல்லையா? எனக்கு ஆள் நிற்பதே பெரும் பாடு. (திருப்பூர் வாசகர்)

பதில்: அரசாங்கத்தின் வேலைதான், யார் இல்லை என்றது? ஆனால் ஆள் நிற்பதில்லை என்கிறீர்களே, அங்கிருந்தே பேசலாம்.

1913இல் அமெரிக்கக் கார் முதலாளி ஹென்றி ஃபோர்டுக்கும் இதே தலைவலி. கார் தொழிற்சாலையில் இருந்தது ஏறக்குறைய 14,000 பேர், அந்த எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ள ஒரே வருஷத்தில் 50,000 பேருக்கு மேல் வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தது. நாள் முழுக்க ஒரே திருகை முடுக்கிக்கொண்டு நிற்க யாருக்குப் பிடிக்கும்? 1914 ஜனவரியில் 9 மணி நேர வேலையை 8 ஆக்கி, நாளுக்கு 5 டாலர் என்று அறிவித்தார், பழைய கூலியைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆட்கள் நின்றார்கள், உற்பத்தியும் ஏறியது. அதற்காக அவரைத் தர்மப்பிரபு என்று நினைத்துவிடாதீர்கள். தொழிலாளி வீட்டில் குடிக்கிறாரா, காசு சேர்க்கிறாரா என்று வேவு பார்க்கவே ஒரு துறை வைத்திருந்த மனிதர் அவர், ஆரம்பத்தில் பெண்களுக்கு அந்த 5 டாலரும் கிடையாது. லாபக் கணக்குப் போட்டுத்தான் கொடுத்தார். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை, வாங்கியவர் வீட்டில் அடுப்பு எரிந்ததே.

பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தை சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013 கம்பெனி சட்டம் சொல்கிறது, அது உங்கள் அளவுக்கு வராது, விடுங்கள். உங்களுக்கு வருவது ஈஎஸ்ஐ, அதாவது தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருத்துவச் செலவைப் பார்த்துக்கொள்ளும் அரசுக் காப்பீடு. மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவருக்கு உங்கள் பங்கு 3.25 சதவீதம், அதாவது 10,000 ரூபாய் சம்பளத்துக்கு 325 ரூபாய். இது இல்லாத டெய்லர் வீட்டில் திடீரென்று ஒரு ஆபரேஷன் என்றால் என்ன நடக்கும்? கந்துவட்டி. அப்புறம் வட்டி கட்ட முடியாமல் மூத்த பிள்ளையின் படிப்பை நிறுத்தி, டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் 'கைமடி' வேலைக்குப் பனியன் கம்பெனிக்கு அனுப்புவார்கள். நீங்கள் நோட்டுப் புத்தகம் கொடுத்த அதே பிள்ளையாகவும் இருக்கலாம்.

பதினாலு பேரையும் பதிந்திருக்கிறீர்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இல்லையென்றால் இந்த வாரமே முடித்துவிடுங்கள், நோட்டுப் புத்தகத்துக்கு ஜூன் வரை நேரம் இருக்கிறது.